வீடு மாறப் போறீங்களா? கண்ணாடிச் சாமானுக்கு முன்னாடி ஈரத்தைக் கவனிங்க!

வீடு மாற்றப் போகிறோம் என்றதும் முதலில் வருகிற பயம் எது? டம்ளர் உடையும், டி.வி. திரை கீறும், பீரோ கண்ணாடி விரிசல் விடும் என்பதுதானே? எனக்கும் அந்தப் பயம்தான் இருந்தது. அதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது என்பதை நான் நஷ்டப்பட்டுத்தான் கற்றுக்கொண்டேன்.

2021 நவம்பரில் வாணியம்பாடியிலிருந்து ஆம்பூருக்கு வீடு மாறினோம். பாலாற்றில் வெள்ளம் கரைபுரண்டு ஓடிய மாதம் அது. பழைய வீட்டுச் சுவரில் ஓதம் ஏறிவிட்டதால் அவசரமாகக் காலி செய்ய வேண்டியிருந்தது. பக்கத்து ஊர்தான். ஒரு ‘குட்டி யானை’ வண்டி, இரண்டு நடையில் எல்லாச் சாமானும் வந்து சேர்ந்துவிட்டது. ஒரு டம்ளர்கூட உடையவில்லை. எனக்கு ஒரே பெருமை.

மூன்று வாரம் கழித்து, ‘முக்கியம்’ என்று நானே கொட்டை எழுத்தில் எழுதி வைத்திருந்த அட்டைப்பெட்டியைப் பிரித்தேன். பூஞ்சை வாடை முகத்தில் அடித்தது. தோல் கைப்பை முழுக்க வெள்ளை வெள்ளையாகப் பூத்திருந்தது. பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ மதிப்பெண் சான்றிதழ்கள் அப்பளம் மாதிரி நெளிந்து கிடந்தன. அடியில் அம்மாவின் போட்டோ. கல்யாணத்துக்கு முன்னால் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம். அம்மாவுக்கு அந்த வயதில் இருக்கிற ஒரே படம். அது ஃபிரேமின் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டிருந்தது. பதறிப்போய்ப் பிரித்து எடுத்தேன். படம் வந்தது. முகத்தில் பாதி கண்ணாடியிலேயே நின்றுவிட்டது.

என்ன நடந்தது என்று யோசித்தபோதுதான் புரிந்தது. ஃபிரிட்ஜைக் கிளம்புகிற அன்று காலையில்தான் அணைத்தோம். வண்டியில் அதை ஒட்டித்தான் இந்தப் பெட்டி இருந்தது. ஃப்ரீஸர் பனி உருகிய தண்ணீர் பெட்டியின் அடிவழியாக உள்ளே போயிருக்கிறது. மழைக்குப் பயந்து பெட்டியின் மேலேயும் பக்கத்திலும் நான் பாலிதீன் சுற்றியிருந்தேன். உள்ளே போன ஈரம் மூன்று வாரமும் வெளியேற வழியில்லாமல் அங்கேயே தங்கிவிட்டது.

செய்தி கேட்டு எங்கள் சின்னம்மா வந்தார். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியின் பேக்கிங் பிரிவில் பல வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பெட்டியைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “இன்னாடி பாப்பா இது! கப்பல்ல வாரக்கணக்கா போற ஷூவே பூஞ்சை புடிக்காம போய்ச் சேருது. உன் பொட்டி அரை மணி நேரத்துல வீணாப் போச்சா?” என்றார்.

போன வருடம் ராணிப்பேட்டைக்கு மாறினோம். இந்த முறை சின்னம்மாவே வந்து பக்கத்தில் உட்கார்ந்து கட்டிக் கொடுத்தார். அப்போது நான் கற்றுக்கொண்டதைத்தான் உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

ஷூ கம்பெனி சொல்லித் தரும் பாடம்

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை என்று பாலாற்றுப் பக்கத்து ஊர்களில் தோல் பதனிடுவதும் ஷூ தைப்பதும்தான் பல குடும்பங்களுக்குச் சோறு போடுகிறது. ஷூ கம்பெனிகளில் தையலிலும் பேக்கிங்கிலும் பெண்கள்தான் பெரும்பாலும் இருப்பார்கள். இங்கே தயாராகும் ஷூக்கள் சென்னைத் துறைமுகம் போய், கன்டெய்னரில் ஏறி, வாரக்கணக்கில் கடலில் பயணம் செய்து ஐரோப்பாவில் இறங்குகின்றன.

மூடிய கன்டெய்னர் பகலில் வெயிலில் காயும், இரவில் குளிரும். உள்ளே இருக்கும் காற்றிலுள்ள ஈரம் இரும்புக் கூரையில் முத்து முத்தாகப் படிந்து, சரக்கின்மேல் சொட்டும். இதற்குப் பெயரே ‘கன்டெய்னர் மழை’. வெளியே மழை பெய்யவே வேண்டாம். உள்ளே ஏற்றிய சரக்கில் ஈரம் இருந்தால் போதும். தோல் என்பது ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும் பொருள். அதில் பூஞ்சை வர ரொம்ப நேரம் ஆகாது.

அதனால் பேக்கிங் பிரிவில் முதல் வேலை பெட்டி கட்டுவது அல்ல. ஷூ நன்றாகக் காய்ந்திருக்கிறதா என்று பார்ப்பதுதான். பிறகு முனைப்பகுதிக்குள் மெல்லிய காகிதத்தைத் திணிப்பார்கள். இன்னொரு காகிதத்தில் சுற்றி, ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு, சிறிய பெட்டியில் வைத்து லேபிள் ஒட்டுவார்கள். அந்தச் சிறிய பெட்டிகள் எண்ணிக்கைப்படி பெரிய அட்டைப்பெட்டிக்குள் போகும். எந்தப் பெட்டியில் என்ன இருக்கிறது என்று ஒரு பட்டியல் கூடவே போகும்.

காய வை, காலி இடத்தை நிரப்பு, பெயர் எழுதி எண்ணி வை. நம் வீட்டுச் சாமானுக்கும் இந்த மூன்றும் போதும்.

முதல் வேலை: ஒளிந்திருக்கும் தண்ணீரைத் தேடுங்கள்

கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்னால் வீட்டை ஒரு சுற்று சுற்றி வாருங்கள். நாம் நினைத்துப் பார்க்காத இடத்திலெல்லாம் தண்ணீர் இருக்கும்.

* ஃபிரிட்ஜ்: ஒரு நாள் முன்பே காலி செய்து அணைத்துவிடுங்கள். கதவைத் திறந்து வைத்துப் பனி முழுவதும் உருகட்டும். பல மாடல்களில் பின்பக்கம் கீழே ஒரு தட்டு இருக்கும். அதில் நிற்கும் தண்ணீரையும் கொட்டித் துடைக்க வேண்டும். கதவு ரப்பரின் மடிப்பையும் துடையுங்கள்.
* வாஷிங் மெஷின்: குழாயிலும் வடிகட்டியிலும் தண்ணீர் தேங்கியிருக்கும். வடித்துவிடுங்கள். முன்பக்கம் கதவுள்ள மெஷின் என்றால், வாங்கும்போது டிரம் ஆடாமல் இருக்கப் போட்டு வந்த போல்ட்டுகளைத் தேடி எடுத்து மறுபடி மாட்டுங்கள்.
* ஆர்.ஓ. இயந்திரம், ஏர் கூலர், ஸ்டீம் அயர்ன் பாக்ஸ்: மூன்றிலும் தொட்டித் தண்ணீரைக் கொட்டிக் காயவையுங்கள்.
* கிரைண்டர்: கல்லைத் தனியாக எடுத்துத் துணியில் சுற்றிக் கட்டுங்கள். கழுவினால் முந்தின நாளே கழுவி உலர்த்திவிடுங்கள். அம்மி, மணைப்பலகை, பூரிக்கட்டைக்கும் இதேதான்.
* கடைசி நாள் துணி, துடைப்பம், பாத்ரூம் மிதியடி, பூந்தொட்டி: இவை எதையும் அட்டைப்பெட்டிக்குள் போடாதீர்கள். ஒரு பிளாஸ்டிக் வாளியில் தனியாக வரட்டும்.
* எண்ணெய், ஊறுகாய் ஜாடி: வாயில் பாலிதீன் வைத்து மூடியை இறுக்கி, எவர்சில்வர் பாத்திரத்துக்குள் நிற்க வைத்துக் கொண்டுவாருங்கள்.

பெட்டிகளையும் கவனிக்க வேண்டும். ஓதமேறிய சிமென்ட் தரையில் இரண்டு நாள் கிடந்த அட்டைப்பெட்டி அடியில் நமத்துப்போயிருக்கும். தூக்கும்போது அடி பிய்ந்துவிடும். கட்டிய பெட்டிகளைப் பலகைமேலோ கட்டில்மேலோ அடுக்குங்கள்.

இரண்டாவது: காலி இடம்தான் உடைக்கிறது

கண்ணாடி டம்ளர் பெரும்பாலும் மோதுவதால் உடைகிறது. மோதுவதற்கு இடம் இருப்பதால்தான் மோதுகிறது. ஷூவுக்குள் காகிதம் திணிப்பதும் இதற்காகத்தான். உள்ளே காலியாக இருந்தால் மேலிருந்து வரும் அழுத்தத்தில் வடிவம் கெட்டுவிடும்.

டம்ளருக்குள் முதலில் காகிதத்தைத் திணியுங்கள், பிறகு வெளியே சுற்றுங்கள். பீங்கான் தட்டுகளைப் படுக்க வைத்து அடுக்காதீர்கள். ஒவ்வொன்றையும் காகிதத்தில் சுற்றி, புத்தக அலமாரியில் புத்தகம் நிற்பதுபோல விளிம்பில் நிறுத்தி வையுங்கள். படுத்திருக்கும் தட்டின்மேல் மற்ற எல்லாத் தட்டுகளின் பாரமும் விழும். நிற்கும் தட்டு தன் பாரத்தை மட்டும்தான் தாங்குகிறது. வெள்ளைப் பீங்கானுக்குச் செய்தித்தாளை நேரடியாகச் சுற்றினால் மை ஒட்டும். முதலில் வெள்ளைத்தாள், அதன்மேல் செய்தித்தாள்.

கட்டி முடித்த பெட்டியை மெதுவாக ஆட்டிப் பாருங்கள். உள்ளே சத்தம் கேட்டால் இன்னும் இடம் இருக்கிறது என்று அர்த்தம். தலையணை உறை, பழைய துண்டு, பிள்ளைகளின் ஸ்வெட்டர் எதையாவது வைத்து நிரப்புங்கள்.

எங்கள் பக்கம் பல வீடுகளில் பிரியாணிக்கென்றே ஒரு பெரிய தேக்சா இருக்கும். அதைக் காலியாக ஏற்றுவது வீண். அதற்குள் துண்டுகளைச் சுற்றிச் சின்னப் பாத்திரங்களை அடுக்கினால், உடையாத இரும்புப்பெட்டி ஒன்று கிடைத்த மாதிரி!

கனமானவை சின்னப் பெட்டியில், லேசானவை பெரிய பெட்டியில். புத்தகம், பித்தளைச் சாமான், மளிகை எல்லாம் சின்னப் பெட்டிக்குத்தான். ஒரே ஆள் சிரமமில்லாமல் தூக்க முடிகிறதா என்று நீங்களே தூக்கிப் பாருங்கள். முடியவில்லை என்றால் இரண்டாகப் பிரியுங்கள்.

தோலும் பட்டும் மூச்சுவிட வேண்டும்

தோல் கைப்பை, பெல்ட், ஷூ, பட்டுப்புடவை இவற்றை ‘பத்திரமாக’ பாலிதீன் கவரில் போட்டு டேப் ஒட்டுவதுதான் நாம் செய்கிற பெரிய தப்பு. உள்ளே கொஞ்சம் ஈரம் இருந்தாலும் அது அங்கேயே நின்று பூஞ்சையாகிவிடும்.

தோல் பொருட்களை உலர்ந்த துணியால் துடைத்து, ஒரு நாள் நிழலில் காற்றாட வையுங்கள். வேலூர் வெயில் சும்மாதானே கிடைக்கிறது என்று மொட்டை மாடியில் போட்டுவிடாதீர்கள். நேர் வெயிலில் தோல் வறண்டு வெடித்துவிடும். பிறகு உள்ளே காகிதம் நிரப்பிப் பருத்திப் பையில் போடுங்கள். பட்டுப்புடவைக்குப் பழைய மல்லு வேட்டியைவிட நல்ல உறை கிடையாது. ஜரிகை உள்பக்கம் வரும்படி மடித்துச் சுற்றினால் போதும்.

பூஞ்சை ஏற்கெனவே வந்துவிட்டதா? வீட்டுக்குள் தட்டாதீர்கள். மாஸ்க் போட்டுக்கொண்டு வாசலுக்கு எடுத்துப் போய் மென்மையான பிரஷ்ஷால் தட்டி, துணியால் துடைத்து, நிழலில் காயவையுங்கள். மற்ற சாமான்களோடு சேர்த்துக் கட்டாதீர்கள்.

மருந்து வைக்கலாமா?

புது ஷூ பெட்டியில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தைத் தூக்கி எறியாமல் இறுக்கமான டப்பாவில் சேர்த்து வைத்தால் இப்போது உதவும். திறந்தவெளியில் பல நாள் கிடந்த பொட்டலம் ஏற்கெனவே ஈரத்தைக் குடித்துவிட்டிருக்கும், அதனால் பயனில்லை. ஒன்றை நினைவில் வையுங்கள். சிலிக்கா ஜெல் காற்றில் இருக்கும் கொஞ்ச ஈரத்தைத்தான் இழுக்கும், நனைந்த பொருளைக் காயவைக்காது. குழந்தைகள் வாயில் போட்டால் தொண்டையில் சிக்கலாம் என்பதால் எண்ணி வைத்து எண்ணி எடுங்கள்.

ஈரத்தைக் காயவைக்காமல் மருந்தை நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு உலகம் அறிந்த ஓர் உதாரணம் உண்டு. 2000-களின் பிற்பகுதியில் பின்லாந்து, பிரான்ஸ், பிரிட்டன் போன்ற நாடுகளில் புதிதாக சோபாவும் ஷூவும் வாங்கியவர்களுக்குத் தோலில் தீக்காயம் பட்டதுபோல அரிப்பும் கொப்புளமும் வந்தன. பயணத்தின்போது பூஞ்சை பிடிக்காமல் இருக்க உள்ளே வைத்திருந்த ‘டைமெத்தில் ஃபியூமரேட்’ என்ற ரசாயனப் பொட்டலம்தான் காரணம் என்று பிறகு தெரிந்தது. 2009-ல் ஐரோப்பிய யூனியன் அந்த ரசாயனம் கலந்த பொருட்களுக்கே தடை போட்டது. ‘மருந்து போடாதே, காயவை’ என்பது தோல் தொழிலுக்கு அழுத்தமாகப் பதிந்த பாடம்.

நாம் போடும் பாச்சை உருண்டைக்கும் இதே கவனம் தேவை. பிறந்த குழந்தையின் துணி இருக்கும் பெட்டியில் அதை வைக்கவே வேண்டாம். ஜி6பிடி என்ற என்சைம் குறைபாடுள்ள குழந்தைகளுக்கு நாஃப்தலின் ரத்த அணுக்களையே சிதைத்துவிடும்.

மூன்றாவது: பெயரும் பட்டியலும்

எழுத்தைப் பெட்டியின் மேல்பக்கம் மட்டும் எழுதாதீர்கள். ஒன்றின்மேல் ஒன்று அடுக்கிய பிறகு மேல்பக்கம் யாருக்குத் தெரியும்? இரண்டு பக்கவாட்டிலும் எழுதுங்கள். ஒரு நம்பர், எந்த அறை, உள்ளே என்ன. ‘7 – சமையலறை – மிக்ஸி, ஜார்’ என்றால் போதும். ஏற்றுமதிப் பெட்டியில் குடை, மேல்நோக்கிய அம்பு, ஒயின் கிளாஸ் படங்கள் பார்த்திருப்பீர்கள். நனையக்கூடாது, தலைகீழாக்காதே, உடையும் என்று அர்த்தம். மொழி தெரியாத சுமை தூக்குபவருக்கும் புரியும். நீங்களும் மார்க்கரில் வரைந்துவிடலாம். நகை, பணம் என்று மட்டும் எதிலும் எழுதாதீர்கள். அவை வண்டியில் ஏறவே கூடாது.

ஒரு நோட்டில் எல்லா நம்பரையும் எழுதி, ஒவ்வொரு பெட்டியையும் மூடுவதற்குமுன் போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள். ஏதாவது காணாமல் போனாலோ உடைந்தாலோ அதுதான் உங்கள் சாட்சி.

வண்டி வந்த பிறகு

ஃபிரிட்ஜ் நின்றபடியே வரட்டும். ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், கூலர் ஒரு பக்கம். காகிதம், துணி, புத்தகம் எதிர்ப்பக்கம். வண்டித் தளத்தில் முதலில் பலகையோ பிளாஸ்டிக் விரிப்போ போடச் சொல்லுங்கள். வானம் வெளுத்திருந்தாலும் தார்ப்பாய் இருக்கிறதா என்று பாருங்கள். இன்வெர்ட்டர் பேட்டரியைச் சாய்க்கவே கூடாது. அதில் இருப்பது ஆசிட்.

வேறு ஊருக்கு மாறுகிறீர்கள் என்றால் கேஸ் சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் ஏஜென்சியில் ஒப்படைத்து ரசீது வாங்கினால் டெபாசிட் திரும்பக் கிடைக்கும். அந்த ரசீதைக் காட்டிப் புது ஊரில் இணைப்பு வாங்கலாம். மூடிய வண்டிக்குள் சாமானோடு சிலிண்டரை ஏற்றுவது ஆபத்து.

இங்கிருந்து சித்தூருக்கோ பெங்களூருக்கோ போகிறவர்கள் மாநில எல்லையைத் தாண்ட வேண்டும். பயன்படுத்திய வீட்டுச் சாமான்களுக்கு ஜி.எஸ்.டி. விதிப்படி இ-வே பில் தேவையில்லை. பட்டியலின் ஒரு நகல் டிரைவரிடம் இருந்தால் கேள்வி வரும்போது காட்டலாம்.

பெரிய தூரத்துக்கு நிறுவனம் மூலம் அனுப்புகிறீர்களா? சாமானின் மதிப்பை ரசீதில் எழுதச் சொல்லுங்கள். சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டம் 2007-ன்படி, நஷ்டத்துக்கு நிறுவனம் தரவேண்டிய தொகைக்கு உச்சவரம்பு உண்டு. கூடுதல் கட்டணம் கட்டி அதிக மதிப்பைப் பதிவு செய்தால்தான் அதற்கு மேல் கேட்க முடியும். வழக்குப் போடுவதற்கு முன் எழுத்து மூலமாக நோட்டீஸ் கொடுக்க வேண்டும். அதற்குச் சரக்கைப் பதிவு செய்த நாளிலிருந்து 180 நாள்தான் அவகாசம். புகாருக்கு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

மடியில் வர வேண்டியவை

என் முதல் வீடு மாற்றத்தில் போனதெல்லாவற்றையும் சின்னம்மா ஒரு வரிசையில் வைத்துக் காட்டினார். கைப்பை போனால் கடையில் வாங்கலாம். மதிப்பெண் சான்றிதழ் போனால் அரசுத் தேர்வுகள் இயக்ககத்தில் விண்ணப்பித்து நகல் வாங்கலாம். அலைச்சல் உண்டு, ஆனால் கிடைக்கும். வீட்டுப் பத்திரத்துக்கும் சார்பதிவாளர் அலுவலகத்தில் சான்றிட்ட நகல் தருவார்கள். “உங்கம்மா போட்டோவுக்கு எந்த ஆபீஸ்ல போய் எழுதிக் குடுப்ப?” என்று கேட்டார்.

விலையை வைத்துப் பார்த்தால் டி.வி.தான் முக்கியம். மறுபடி கிடைக்குமா என்று பார்த்தால் வரிசையே தலைகீழாக மாறிவிடும். பழைய போட்டோ, அப்பாவின் கடிதம், பாட்டி எழுதிய சமையல் நோட்டு, பிள்ளையின் தடுப்பூசி அட்டை, சிகிச்சையில் இருப்பவரின் ஆஸ்பத்திரி ஃபைல். இவை பெட்டிக்குள் போகக்கூடாது. ஒரு பையில், உங்கள் மடியில் வர வேண்டும். சான்றிதழ்களில் கிடைப்பவற்றை டிஜிலாக்கரில் இறக்கி வையுங்கள். அசல் காகிதத்தை மட்டும் லேமினேட் செய்யாதீர்கள். அந்தச் சூடும் பசையும் காகிதத்தைக் கெடுத்துவிடும், பிறகு பிரிக்கவும் முடியாது.

கண்ணாடியோடு ஒட்டிய போட்டோ உங்களிடம் இருந்தால், நான் செய்ததை மட்டும் செய்யாதீர்கள். பிரிக்கவே பிரிக்காதீர்கள். கண்ணாடியோடு அப்படியே வைத்து, வெளிச்சம் பிரதிபலிக்காத கோணத்தில் படம் எடுங்கள். அதிலிருந்தே நல்ல பிரதி போட்டுத் தருவார்கள்.

போய்ச் சேர்ந்த பிறகு

குத்துவிளக்கோ, குர்ஆன் பலகையோ, சிலுவையோ, உங்கள் வீட்டில் முதலில் உள்ளே போவது எதுவோ அது போகட்டும். பால் காய்ச்சும் பாத்திரம், அடுப்பு, லைட்டர், மாத்திரை, ஒரு செட் துணி, போன் சார்ஜர் இவற்றைக் கடைசியாக ஏற்றிய ஒரே பெட்டியில் வைத்திருந்தால் முதலில் இறங்கும். ஃபிரிட்ஜை இறக்கியவுடன் போடாமல் சில மணி நேரம் நிற்க விடுங்கள். வழியில் சாய்ந்துவிட்டது என்றால் ஒரு நாள்கூடப் பொறுக்கலாம்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் பிரிக்க யாராலும் முடியாது. ஆனால் துணி, தோல், காகிதம் உள்ள பெட்டிகளையாவது அன்றே திறந்து விடுங்கள். அடுக்க வேண்டாம். மூடியைத் திறந்து வைத்தாலே போதும், காற்றுப் படும். நான் மூன்று வாரம் விட்டதுதான் தப்பு.

ராணிப்பேட்டைக்கு வந்தபோது அம்மாவின் அந்தப் பாதிப் படம் என் மடியில்தான் வந்தது. இரண்டு மெல்லிய அட்டைக்கு நடுவே வெள்ளைத்தாளில் சுற்றிக் கொடுத்தவர் சின்னம்மா. பட்டியலில் அதற்கும் ஒரு நம்பர் போட்டிருந்தார். கிளம்புவதற்கு முன் அதையும் படம் எடுத்து அண்ணன்களுக்கு அனுப்பிவிட்டேன். மிச்சமிருப்பதாவது நான்கு இடத்தில் இருக்கட்டும்.

நீங்கள் இப்போது வீடு மாறாவிட்டாலும் பரவாயில்லை. இன்றைக்கு ராத்திரி உங்கள் வீட்டிலேயே பழைய போட்டோ எது என்று பாருங்கள். அதைப் போனில் ஒரு படம் எடுத்துக் குடும்பத்தில் இரண்டு பேருக்கு அனுப்பிவிடுங்கள். ஐந்து நிமிட வேலைதான்.